முதல் பரிகாரம்

புதிதாக இமாம் வேலைக்குப் போகிற தம்பிமார்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் ஹஜ்ரத் என்று கேட்டிருக்கிறீர்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற பழக்கம் எனக்கு இருந்ததில்லை. வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் நீளும்போது பின்வரிசையில் யார் யார் கடிகாரத்தைப் பார்ப்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். தொழவைப்பதைப் பற்றியும் ஓதுவதைப் பற்றியும் நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். மைக்கை எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும் என்பதுகூட உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

நான் சொல்ல வந்தது கேள்விகளைப் பற்றி. நம் வேலையில் பாதி அதுதான். டீக்கடையில் கேட்பார்கள், பஸ்ஸில் கேட்பார்கள், கல்யாண வீட்டில் கை கழுவும் இடத்தில் கேட்பார்கள். தலைப்பாகையைக் கண்டால் ஜனங்களுக்கு ஒரு சந்தேகம் ஞாபகம் வந்துவிடும். நமக்கும் பதில் நுனி நாக்கில் தயாராக இருக்கும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாளையங்கோட்டைக்கு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் பைய என் காதருகே குனிந்து, "ஹஜ்ரத், பொண்டாட்டிகிட்ட இனிமே பேசவே மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன்" என்றார். அவர் வாயை மூடுவதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். சத்தியத்தை முறித்தால் பரிகாரம் உண்டு, பத்து ஏழைகளுக்குச் சோறு போட வேண்டும், அல்லது உடுப்பு கொடுக்க வேண்டும், அல்லது ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும், எதுவும் முடியாவிட்டால் மூன்று நாள் நோன்பு. "அடிமைக்கு நான் எங்க ஹஜ்ரத் போவேன்?" என்று அவர் சிரித்தார். "அது அந்தக் காலம். நீரு பத்து பேருக்குச் சோத்தப் போடும்" என்று நானும் சிரித்தேன். இறங்கும்போது அவர் சொன்னார்: "அதெல்லாம் சரி ஹஜ்ரத். பேச்ச எப்படி ஆரம்பிக்கதுன்னுதான் உங்ககிட்ட கேக்க வந்தேன்." கண்டக்டர் வரை சிரித்தார்கள். கேள்வி முடியும் முன்னே பதில் சொல்லாதே என்ற பாடத்தை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். ஆனால் அந்த 'அது அந்தக் காலம்' என்ற வார்த்தையில் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. பணி முழுவதும் அதைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்.

உங்களுக்கும் அப்படித்தான் சொல்லித் தந்திருப்பார்கள். நாம் ஓதிய பெரிய சட்ட நூலில் அடிமை விடுதலை பற்றிய பாடம் கடைசியில்தான் வரும். வருடக் கடைசி, ஊருக்குப் போகிற அவசரம். ஓதிக்கொடுக்கும் உஸ்தாத் வேகமாக வாசித்துக்கொண்டே போவார், நாங்கள் தலையாட்டுவோம், முடிந்ததும் மிட்டாய் கொடுப்பார்கள். என்னோடு ஓதிய ஒருவன் மட்டும் எழுந்து, "மதுவை முழுசாகத் தடுத்த மார்க்கம் இதை ஏன் முழுசாகத் தடுக்கவில்லை?" என்று கேட்டான். படிப்படியாக ஒழிக்கவே விடுதலையை இத்தனை பாவங்களுக்குப் பரிகாரமாக வைத்தார்கள் என்று உஸ்தாத் சொன்னார். எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. என் ஈமான் இன்றைக்கும் குறையவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருமறை ஒரு மனிதனைக் கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்க்கச் சொன்ன இடங்களை எண்ணிப் பார்த்தால் கண் கலங்குகிறது. ஆனால் அந்தக் கயிற்றை வைத்து நம் நூல்கள் எழுதிய சட்டங்களையும் நான் ஓதியிருக்கிறேன். மேடையில் முன்னதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவோம், பின்னதை மிட்டாயோடு சேர்த்து விழுங்கிவிடுவோம். படிப்படியாக என்றால் கடைசிப் படியில் கால் வைக்க வேண்டியவன் யார் என்று நான் யோசித்ததே இல்லை.

இப்போது ரஹ்மத்தின் கதைக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது.

நான் கடைசியாக இருந்த ஊர் தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் நெல் விளைகிற ஊர். அங்கே ஓர் அரிசி ஆலை. அதன் முதலாளி பள்ளிவாசல் நிர்வாகத்திலும் பெரிய ஆள். நல்ல மனிதர் என்றுதான் ஊர் சொல்லும், நானும் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தால் எனக்குச் சாப்பாடு அவர் வீட்டில். அந்தச் சாப்பாட்டைச் சமைத்து வைத்தவள் ரஹ்மத்.

அவளுடைய தகப்பன் மலைமேல் மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். அவர் இறந்துபோனதும், தாய் மைமூன் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவித்த நேரத்தில், ஆலை வீட்டார் ரஹ்மத்தை வளர்க்கிறோம் என்று கீழே கூட்டி வந்தார்கள். அப்போது அவள் சின்னப் பிள்ளை. வளர்த்தார்கள் என்பது உண்மைதான், அடுப்படியில் வளர்த்தார்கள். சம்பளம் என்று ஒன்று கிடையாது. "நம்ம வீட்டுப் பிள்ளைக்கு யாராவது சம்பளம் குடுப்பாங்களா?" என்பார்கள். இரண்டு இடத்திலிருந்து மாப்பிள்ளை கேட்டு வந்தார்கள், "இன்னும் நல்ல இடமா வரட்டும்" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் கல்யாணமாகிப் போனார்கள். இவள் மட்டும் முப்பதைத் தாண்டியும் அடுப்படியிலேயே நின்றாள். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

எஸ்டேட்டை மூடி மாஞ்சோலையிலிருந்து எல்லாரையும் கீழே இறக்கிய பிறகு மைமூன் அம்பாசமுத்திரத்தில் ஓர் ஒற்றை அறையில் வந்து தங்கினாள். ஒருநாள் மாலை அசர் தொழுகை முடிந்து வெளியே வருகிறேன், பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியே முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஹஜ்ரத், காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கேன். எம் மவளக் கேட்டா அனுப்ப மாட்டேங்காவ. பெருநாள் கழியட்டுங்காவ. எத்தன பெருநாள் கழிஞ்சிருக்கும், நீங்களே சொல்லுங்க."

"அவளே கிளம்பி வந்தா என்னம்மா?"

"வந்தாளே! ஒரு மஞ்சப்பைய எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தா. காரக் கொண்டாந்து திருப்பிக் கூட்டிட்டுப் போயிட்டாவ. இன்னொரு தடவ போனா நகையத் திருடிட்டான்னு போலீசுல சொல்லிருவோம்னு பயங்காட்டி வச்சிருக்காவ. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாவ ஹஜ்ரத்."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். தம்பிமார்களே, இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. அரசாங்க அதிகாரிகள் இருக்கிறார்கள், மனுக் கொடுத்தால் வந்து கூட்டிப் போவார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அது என் நினைவுக்கே வரவில்லை. முதலாளியின் மனம் நோகாமல் எப்படிப் பேச்சை எடுப்பது என்பதுதான் எனக்கு அப்போதிருந்த ஒரே யோசனை.

அடுத்த வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன் முதலாளியே ஆரம்பித்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு வள்ளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தானே காரை ஓட்டி வரும்போது, சைக்கிளில் வந்த ஒரு விவசாயி மீது மோதி, அந்த மனிதர் இறந்துபோயிருந்தார். அவர் குடும்பத்தைப் போய்ப் பார்த்தார், உதவி செய்தார், வழக்கும் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் மனிதர் பாதியாகியிருந்தார்.

"அந்தாளு முகம் கண்ணுக்குள்ளயே நிக்கி ஹஜ்ரத். கேச வக்கீலு பாத்துக்கிடுவாரு. அல்லாகிட்ட எந்த வக்கீல அனுப்ப? என்ன பரிகாரம்னு சொல்லுங்க, செய்யுதேன்."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. வழக்கம்போல நாக்கு ஓட ஆரம்பித்தது. தவறுதலாக ஓர் உயிரைக் கொன்றவருக்கு முதல் பரிகாரம் விசுவாசியான ஓர் அடிமையை விடுதலை செய்வது. அது அந்தக் காலம், இப்போது அடிமை ஏது? ஆகவே இரண்டு மாதம் விடாமல் நோன்பு.

"ரெண்டு மாசமா? எனக்குச் சக்கர இருக்கே ஹஜ்ரத். ஒரு நேரம் சாப்பிடலன்னா கண்ணு இருட்டிக்கிட்டு வருதே. ஏழைகளுக்குச் சோறு போட்டு முடிக்க முடியாதா?"

"இதுல அதுக்கு இடம் இல்ல முதலாளி. உடம்பு தேறட்டும்னு காத்திருக்கலாம். அவ்வளவுதான்."

அப்போது ரஹ்மத் எச்சில் தட்டுகளை எடுக்க வந்தாள். குனிந்து விரிப்பைத் துடைத்தாள். நான் ஒதுக்கி வைத்திருந்த எலும்பைத் தன் கையால் அள்ளித் தட்டில் போட்டாள். அடிமை ஏது என்று நான் சொன்ன வாக்கியம் இன்னும் அந்த அறையில்தான் இருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கத்தோடு நான் நின்றிருக்கலாம். ஆனால் அதன் பின்னாலேயே ஒரு சாமர்த்தியமான யோசனை வந்தது.

அவள் உள்ளே போனதும் சொன்னேன்: "முதலாளி, தப்பாச் சொல்லிட்டேன். முதல் பரிகாரம் உங்க வீட்டுலயே இருக்கு." அடுப்படியின் பக்கம் கண்ணைக் காட்டினேன். "கூலி இல்ல. அவ இஷ்டத்துக்குப் போக முடியாது. கல்யாணம் உங்க கையில இருக்கு. பேரு வேறயா இருக்கலாம், அல்லா பேரப் பாக்க மாட்டான்."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் அவர்மேல் எனக்கு மரியாதை வந்திருக்கும். முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது.

"வெண்ணெயக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலஞ்சிருக்கேனே ஹஜ்ரத்! அப்ப நோம்பு வேண்டாம்லா?"

"வேண்டாம்" என்றேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்குள் ஒரே பெருமை. முதலாளிக்கு நிம்மதி, தாய்க்கு மகள், எனக்கு நல்ல பெயர். மாலையில் சும்மா நூலை எடுத்துப் புரட்டினேன், அப்போதுதான் என் தப்பு தெரிந்தது. சுதந்திரமாகப் பிறந்தவளை யாரும் அடிமையாக்க முடியாது. அப்படி ஆக்கியவனுக்கு எதிராக மறுமையில் அல்லாவே நின்று வாதாடுவான் என்பதுதான் நாம் ஓதியது. அவர் சொந்தமாக வைத்திருந்தால்தானே விடுதலை செய்ய முடியும்? ரஹ்மத்தை அவர் பிடித்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். பிடித்ததை விடுவது கடமை. அது பரிகாரம் ஆகாது. நோன்பு அவர் தலைமேல் அப்படியே இருக்கிறது. அதோடு இத்தனை வருடத்துக் கூலியும் இருக்கிறது.

என் உஸ்தாத் ஒருவர் முன்பு சொல்வார்: "தீர்ப்புச் சொல்லும்போது உனக்கே சந்தோஷமா இருந்துச்சுன்னா வாய மூடிக்கோ. அது கேட்டவனுக்குச் சொல்லுத தீர்ப்பு இல்ல, உனக்கு நீயே சொல்லுதது." எல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் முதலாளி அவளை விட மாட்டார், தாய் இன்னொரு பெருநாளுக்குக் காத்துக் கிடப்பாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணம் பொய்யில்லை. ஆனால் அதன் நிழலில் என் மானமும் ஒளிந்திருந்தது. சொன்ன தீர்ப்பை ஓர் இமாம் திரும்ப வாங்கினால் ஊர் என்ன சொல்லும்?

சும்மா அனுப்பியிருந்தால் பரவாயில்லை. முதலாளி அதை ஒரு விசேஷமாக்கிவிட்டார். ஜமாஅத்துப் பெரியவர்கள் எல்லாருக்கும் அழைப்பு, நெய்ச்சோறு, கறி. போனபோதுதான் பார்க்கிறேன், அடுப்படியில் வியர்க்க விறுவிறுக்க நிற்பது ரஹ்மத். அவளுடைய விடுதலைக்கு அவளே விருந்து சமைத்திருக்கிறாள். நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

தெருவில் ஓர் ஆட்டோவில் மைமூன் காத்திருந்தாள். எல்லாம் முடிகிற வரைக்கும் உள்ளே வந்து எதுவும் பேச வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தவனும் நான்தான்.

சாப்பாடு முடிந்ததும் ரஹ்மத்தைக் கூடத்து வாசலில் வந்து நிற்கச் சொன்னார்கள். கையில் ஒரு புதுச் சேலையைக் கொடுத்தார்கள். முதலாளி கண் கலங்க, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அல்லாவுக்காக ஒன்ன நான் விடுதல பண்ணிட்டேன். இனிமே நீ எங்க வேணும்னாலும் போலாம்." ஒருவர் மாஷா அல்லா என்றார். இன்னொருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். நான் துஆ ஓதக் கையைத் தூக்கினேன்.

"விடுதலயா?" என்றாள் ரஹ்மத். அவள் ஆண்கள் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை. "அம்மாட்ட அனுப்புதோம்னுதான் எங்கிட்ட சொன்னாங்க. விடுதலன்னா?"

"உன்ன வச்சு முதலாளிக்கு ஒரு பரிகாரம் கழியுது புள்ள. நல்ல காரியம்தான்" என்றார் ஒரு பெரியவர்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஹஜ்ரத், அடிமையத்தான விடுதல பண்ணுவாங்க? அப்ப இம்புட்டு நாளும் நான் அடிமையா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். அங்கிருந்த எல்லாரும் அதைப் பார்த்தார்கள், அவளும் பார்த்தாள். என் வாழ்க்கையில் நான் ஓதியது அத்தனையும் அந்த நேரத்தில் எனக்கு உதவவில்லை. தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது.

"இதுக்குப் போயி யோசிக்கீங்களே ஹஜ்ரத்" என்றாள்.

அப்புறம்தான் எனக்கு வாய் வந்தது. இல்லை, அவள் யாருக்கும் அடிமை இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை, நான் சொன்ன தீர்ப்பு தப்பு என்றேன். முதலாளியின் நோன்பு அப்படியே பாக்கி இருக்கிறது, அவளுக்குக் கொடுக்க வேண்டிய கூலியும் பாக்கி இருக்கிறது என்றும் சொன்னேன். ஆதாரங்களோடுதான் சொன்னேன். கூடத்தில் கூச்சல் கிளம்பியது. முதலாளி என் பக்கம் திரும்பி, "உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியளே ஹஜ்ரத்" என்றார். உண்டது உண்மைதானே.

ரஹ்மத் இந்தச் சத்தத்துக்கெல்லாம் நிற்கவில்லை. புதுச் சேலையை நாற்காலியில் வைத்தாள். உள்ளே போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக இல்லாமல், ஆண்கள் உட்கார்ந்திருந்த கூடத்தின் நடுவே நடந்து ஆட்டோவில் ஏறினாள். எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று இத்தனை பேர் முன்னால் சொன்னவர் தடுக்க முடியாதல்லவா?

முதலாளி பிறகு நோன்பு வைத்தாரா என்பது எனக்குத் தெரியாது. அது அவருக்கும் அல்லாவுக்கும் உள்ளது. கூலி போய்ச் சேரவில்லை என்பது தெரியும். நானும் கொஞ்ச நாளில் வயதைச் சொல்லி விலகிக்கொண்டேன், நிர்வாகமும் சரி என்றது.

வெட்கத்தைச் சொல்ல வந்தவன் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் கடைசியிலாவது உண்மையைச் சொன்னோமே என்று எனக்குள் ஒரு சின்னத் திருப்தி இருந்தது. அந்தத் திருப்தியோடுதான் சில மாதம் கழித்துப் பழம் வாங்கிக்கொண்டு அம்பாசமுத்திரத்துக்குப் போனேன். ரஹ்மத் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை பார்க்கிறாள், வாரக்கூலி அவள் கைக்கே வருகிறது. மைமூன் என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். நீங்க இல்லன்னா எம் மவ வந்திருக்க மாட்டா என்றாள். அதைக் கேட்கத்தானே போயிருந்தேன்.

ரஹ்மத் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சுகமா என்று கேட்டேன்.

"இருக்கேன் ஹஜ்ரத். போன மாசம் ஒரு மாப்பிள்ள வீட்டுக்காரவ வந்தாவ. எல்லாம் பேசி முடிச்ச பொறவு, ஆல முதலாளி விடுதல பண்ணுன அடிமப் பொண்ணு இதான்னு கேட்டாவ. அந்தப் படம் போனு போனாப் போயிருக்கு. பொறவு வரல."

"நான் எல்லார் முன்னாடியும் இல்லன்னு சொன்னேனே அம்மா."

"சொன்னிய. அத யாரும் படம் புடிக்கல." செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். குரலில் கோபம்கூட இல்லை. "ஆல வீட்டுல என்ன ஏசியிருக்காவ. அடிச்சிருக்காவ. வெளிய போவ விடாமப் புடிச்சி வச்சிருக்காவ. ஆனா ஒருநாளும் அடிமன்னு சொன்னதில்ல ஹஜ்ரத். அந்தப் பேர எனக்கு வச்சது நீங்கதான்."

நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் பழப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.